பல்ஸ் 78... ஆனால் நார்மல் இல்லை!

கொரோனா இரண்டாவது அலை அடித்த 2021-ல் நம்மில் பலர் அவசர அவசரமாக வாங்கிய பொருள் பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல் நுனியில் கிளிப் போல மாட்டினால் ஆக்சிஜன் அளவு ஓர் எண்ணாகவும், நாடித் துடிப்பு இன்னோர் எண்ணாகவும் திரையில் வரும். உங்கள் வீட்டு டிராயரிலும் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கலாம். எடுத்து பேட்டரி மாற்றி மாட்டிப் பாருங்கள். 72, 78, 84 என்று ஏதோ ஓர் எண் வரும். 60-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால் நார்மல் என்று படித்திருக்கிறோம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி டிராயரில் போட்டு விடுவோம்.

நானும் அப்படித்தான் போட்டேன். 2024 பொங்கலுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுடா. நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்றார் அம்மா. உடனே ஆக்சிமீட்டரை மாட்டினேன். ஆக்சிஜன் 98. பல்ஸ் 78. அந்த 78 மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. 71 என்றது, 88 என்றது, 79 என்றது, 93 என்றது. பேட்டரி வீக் என்று நினைத்துப் புது பேட்டரி போட்டேன். அப்போதும் அதே ஆட்டம். மெஷினே மட்டம் என்று முடிவு கட்டினேன். "ஒண்ணுமில்லம்மா, பல்ஸ் எல்லாம் நார்மல்தான். வயசாகுதுல்ல" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கரும்பு கொடுக்க வந்தவர், அம்மா சொன்னதைக் கேட்டதும் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முழுதாக ஒரு நிமிஷம். பிறகு என்னைப் பார்த்து, "எண்ணிக்கை சரிதான் தம்பி. ஆனா தாளமே இல்லையே. நாளைக்கே ஒரு ஈசிஜி எடுத்துருங்க" என்றார்.

மறுநாள் எடுத்த ஈசிஜியில் அம்மாவுக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக் கொண்டிருக்கும் நிலை. டேட்டாவைப் பார்த்து அதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். என் கண் முன்னே 71, 88, 79, 93 என்று டேட்டா ஓடியது. நான் பேட்டரியை மாற்றினேன்.

அந்தக் கோபத்தில் அதற்குப் பிறகு சில வாரங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்த்த சோதனைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு செல்போனும் எக்ஸெலும் போதும்.

ஒரே 78, இரண்டு இதயம்

முதலில் இந்த இரண்டு வரிசைகளைப் பாருங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம், விநாடிக் கணக்கில்.

என்னுடையது: 0.78, 0.76, 0.74, 0.75, 0.77, 0.80, 0.81, 0.79, 0.76, 0.74

அம்மாவுடையது: 0.62, 0.94, 0.71, 0.58, 1.12, 0.66, 0.83, 0.60, 0.97, 0.67

இரண்டிலும் பத்துப் பத்து எண்கள். கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 7.70. சராசரி 0.77. 60-ஐ 0.77-ஆல் வகுத்தால் நிமிடத்திற்கு 78 துடிப்பு. ஆக, எந்த மெஷின் பத்துத் துடிப்பின் சராசரியை எடுத்துக் காட்டினாலும் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே எண்தான் வரும். எண்ணைக் கேட்டால் இரண்டு பேரும் நலம். வரிசையைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

நாடியில் எண்ணிக்கை வேறு, ஒழுங்கு வேறு. நாம் எப்போதும் முதலாவதையே கேட்கிறோம். மெஷின்களும் அதையே பெரிய எழுத்தில் காட்டுகின்றன. வீட்டில் இருக்கும் ஆக்சிமீட்டர்கள் பெரும்பாலும் கடைசிச் சில துடிப்புகளைச் சராசரி செய்துதான் எண்ணைக் காட்டும். இல்லாவிட்டால் எண் நிற்காமல் குதித்துக் கொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். அம்மாவின் துடிப்பு சராசரிக்குள்ளும் அடங்காத அளவுக்குச் சிதறியிருந்ததால்தான் எண் அப்படி ஆடியது. எனக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான்.

இதயத்தின் கிளாக்

நம் கம்ப்யூட்டரில் கிளாக் சிக்னல் கொடுக்க ஒரு கிரிஸ்டல் இருப்பது போல, இதயத்தின் வலது மேலறையில் (ஏட்ரியம்) ஒரு சிறு திசு இருக்கிறது. எஸ்ஏ நோடு என்று பெயர். அதில் பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள ஏவி நோடு என்ற வாசலில் சற்று நின்று, பிறகு கீழறைகளுக்கு (வென்ட்ரிக்கிள்) இறங்கும். கீழறை சுருங்கும்போதுதான் ரத்தம் உந்தப்பட்டு நம் மணிக்கட்டில் நாடியாகத் தட்டுகிறது. ஆரோக்கியமான இதயத்தில்கூட இந்தக் கிளாக் குவார்ட்ஸ் கடிகாரம் மாதிரி துல்லியமாக ஓடுவதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று வேகமாகவும் வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். இளவயதினரிடம் இது நன்றாகவே தெரியும். இது நோய் அல்ல. பயப்பட வேண்டாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நடப்பது வேறு. மேலறைகளில் மின்துடிப்பு நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகச் சுற்றுகிறது. ஏவி நோடு அத்தனையையும் கீழே விடாது. நெரிசலில் சிக்கிய ரூட்டர் பாக்கெட்டுகளை உதிர்ப்பது போல, சிலதை விட்டுப் பலதைத் தடுக்கும். எதை விடும், எதைத் தடுக்கும் என்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லை. அதனால்தான் மணிக்கட்டில் வரும் துடிப்பில் அடுத்தது எப்போது என்று ஊகிக்கவே முடியாது. சிஸ்டர் சொன்ன 'தாளமே இல்லை' என்பது இதுதான்.

இதில் ஆபத்து எங்கே என்றால், மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது அதன் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர்க்காரர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வில், இந்த நிலை உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு என்று தெரிய வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளால் அதைப் பெருமளவு குறைக்க முடியும் என்பதும் நிரூபணமானது. வருமுன் தெரிந்தால் மாத்திரை, தெரியாவிட்டால் வந்த பின் வீல்சேர். அம்மாவுக்கு பிபியும் சுகரும் ஏற்கெனவே உண்டு. "இவங்க வயசு, பிபி, சுகர் மூணையும் சேர்த்துப் பார்த்தா மாத்திரை கட்டாயம்" என்றார் டாக்டர். எக்கோவும் தைராய்டு டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதயம் இப்படித் தாளம் தப்பலாம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியிருந்தாலும் நடக்கும்.

நான் குப்பையில் போட்ட துடிப்புகள்

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் எங்கள் டீமின் புராஜெக்ட் என்ன தெரியுமா? இன்ஃப்ராரெட் சென்சாரில் விரலை வைத்தால் பல்ஸ் காட்டும் கருவி! அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான்தான். டெமோவின்போது எண் குதிக்கிறது என்று கைடு திட்டியதால் ஒரு ஃபில்டர் சேர்த்தேன். சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகும் எந்த இடைவெளியும் 'நாய்ஸ்', அதைத் தூக்கி எறி. அவ்வளவுதான், எண் சாதுவாக நின்றது. மார்க்கும் நன்றாகவே கிடைத்தது.

போன வருஷம் அந்தப் பழைய பைலைத் தேடி எடுத்து அதே விதியை அம்மாவின் பத்து எண்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 0.77-க்கு 20 சதவீதம் கீழே 0.62, மேலே 0.92. அம்மாவின் 0.94, 0.58, 1.12, 0.60, 0.97 ஐந்தும் குப்பைக்குப் போயின. பாதித் துடிப்பை எறிந்துவிட்டு மீதி ஐந்தின் சராசரியாக 86 என்று பந்தாவாகக் காட்டியது என் புரோகிராம். தேட வேண்டிய நோயையே நாய்ஸ் என்று வடிகட்டிவிட்டு, தப்பான எண்ணையும் கொடுத்திருக்கிறது.

ஆனால் இதே மாதிரி ஒரு விதியை உருப்படியாகவும் பயன்படுத்தலாம். வீட்டில் பிபி பார்க்கும் டிஜிட்டல் மெஷின் இருந்தால் அதன் கையேட்டைப் புரட்டுங்கள். ஓம்ரானின் பல மாடல்களில், அளக்கும்போது துடிப்பின் இடைவெளி சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகினால், அது திரும்பவும் நடந்தால், திரையில் ஓர் இதயச் சின்னம் எரியும். நான் எறிந்ததை அவர்கள் எடுத்து விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தச் சின்னத்தை நாம்தான் அழகுக்கு வைத்தது என்று விட்டுவிடுகிறோம். கை அசைந்தாலும் பேசினாலும்கூட அது எரியும். அதனால் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்ப எரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

லேப் பட்டன் போதும்

இப்போது செய்முறைக்கு வருவோம். உங்கள் செல்போனில் கிளாக் அப்ளிகேஷனைத் திறந்து ஸ்டாப்வாட்ச் பகுதிக்குப் போங்கள். அதில் லேப் என்று ஒரு பட்டன் இருக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறிக்க வைத்தது. நமக்கு ஒவ்வொரு துடிப்பும் ஒரு சுற்று.

பார்க்கப்படுபவர் ஐந்து நிமிஷமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். காபி குடித்த கையோடு வேண்டாம். உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், எலும்புக்கும் தசைநாருக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை லேசாக வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதில் உங்கள் துடிப்பே தட்டும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். (சித்த வைத்தியர்கள் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பது வேறு கணக்கு. நாம் பார்ப்பது தாளத்தை மட்டும்.)

துடிப்பு பிடிபட்டதும் இன்னொரு கையால் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் லேப் பட்டனை அழுத்திக்கொண்டே போங்கள். 60 துடிப்பு வரை. கண்ணை மூடிக்கொண்டால் நன்றாக வரும். முடிந்ததும் ஸ்டாப் கொடுங்கள். ஒவ்வொரு லேப் நேரமும் விநாடியில் நூறில் ஒரு பங்குவரை பட்டியலாக நிற்கும். மொத்த நேரமும் பக்கத்தில் ஓடியிருக்கும், அது நமக்கு வேண்டாம்.

உங்கள் விரல் எவ்வளவு நம்பகமானது என்பதையும் சோதித்துக் கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 60 என்று வைத்து ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டு அதற்கு லேப் அழுத்துங்கள். எல்லாமே 1.00 வர வேண்டும். எனக்கு 0.96-க்கும் 1.05-க்கும் நடுவில் ஆடியது. அதனால் 0.1 விநாடிக்கு உட்பட்ட வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. மேலே கொடுத்த என் வரிசையின் ஏற்ற இறக்கம்கூட இந்தக் கைப்பிழைக்குள் அடங்கிவிடும். ஆனால் வேண்டுமென்றே ஆழமாக, மெதுவாக மூச்சு விட்டபோது அது 0.70-க்கும் 0.95-க்கும் நடுவே அலை அலையாக ஏறி இறங்கியது. ஏறுவதும் மூச்சோடு, இறங்குவதும் மூச்சோடு. அம்மாவின் எண்கள் அப்படி எதனோடும் ஒத்துப் போகவில்லை.

எக்ஸெலில் புள்ளிக் கோலம்

எக்ஸெலைத் திறந்து ஏ நெடுவரிசையில் லேப் நேரங்களை மேலிருந்து கீழாக டைப் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் புரோகிராமையும் பயன்படுத்தலாம். பிறகு பி1 செல்லில் சமக்குறி போட்டு ஏ2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே வரை இழுத்துவிடுங்கள், கடைசி வரிக்கு ஒன்று முன்னால் வரை. இப்போது ஒவ்வொரு வரியிலும் ஓர் இடைவெளியும் அதற்கு அடுத்த இடைவெளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் செலக்ட் செய்து இன்சர்ட் மெனுவில் ஸ்கேட்டர் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். கோடு இல்லாத, வெறும் புள்ளி வகை. இரண்டு அச்சுகளுக்கும் குறைந்தது 0.4, அதிகம் 1.6 என்று ஒரே அளவு வையுங்கள். இதை மறந்தால் எக்ஸெல் தானாக அளவை மாற்றி, சின்னச் சிதறலையும் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்தும்.

செல்போன் பட்டியலில் கடைசி லேப் மேலே இருக்கும். தலைகீழாக டைப் செய்துவிட்டால் படம் கெட்டுவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். மூலைவிட்டத்தைக் கண்ணாடியாக வைத்துப் பார்த்தது போலத் திரும்பும், வடிவம் மாறாது.

இந்தப் படத்திற்கு ஃபிரெஞ்சுக் கணித மேதை புவான்காரேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒழுங்கான இதயம் என்றால் புள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் சிறு குவியலாக, மூலைவிட்டத்தின் மேல் சற்று நீண்டு கிடக்கும். என்னுடையது ஒரு புளியங்கொட்டை மாதிரி வந்தது. அம்மாவுடையது, கடுகு டப்பா கைதவறி விழுந்தது மாதிரி எங்கும் சிதறியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுல எது நான்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. குவியல் ஒன்று ஒழுங்காக இருக்கும், அதை விட்டுத் தள்ளி இரண்டு மூன்று சிறு தீவுகள் தெரியும். இது பெரும்பாலும் எக்டோபிக் எனப்படும் முந்திக்கொண்டு வரும் துடிப்பு. 0.77, 0.77 என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று 0.50-ல் ஒன்று வந்து, அடுத்து 1.04 ஓய்வு. இரண்டையும் கூட்டினால் 1.54, அதாவது இரண்டு சாதாரண இடைவெளி. நெஞ்சில் 'தொபுக்' என்று ஒன்று விழுந்த மாதிரி இருந்தது என்று பலர் சொல்வது இதைத்தான். இதய நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் எப்போதாவது வரும். அடிக்கடி வந்தால் காட்டிவிடுவது நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முந்திவரும் துடிப்பின்போது இதயத்தில் ரத்தம் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் தட்டு மணிக்கட்டு வரை வந்து சேராமலே போகலாம். உங்கள் பட்டியலில் 1.54 என்று ஒன்று தென்பட்டால் விரல் தவறவிட்டிருக்கலாம், அல்லது துடிப்பே வந்து சேராமல் இருந்திருக்கலாம். ஒன்று விட்டு ஒன்று முந்திக்கொண்டு வரும் ஆட்களுக்கு இதயம் 76 முறை துடித்தாலும் மணிக்கட்டிலும் ஆக்சிமீட்டரிலும் 38 என்றே தெரியக்கூடும், அதுவும் தாளம் தப்பாமல்! ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலும் சில துடிப்புகள் இப்படி வழியில் தொலையும். டாக்டர் ஒரு பக்கம் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, இன்னொரு பக்கம் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு எண்ணுவது இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான்.

பழகிப் பார்க்க நிஜ டேட்டா

புரோகிராம் எழுதத் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையும் எம்ஐடியும் சேர்ந்து 1975 முதல் 1979 வரை 47 பேரிடம் எடுத்த ஈசிஜி பதிவுகள் 48. ஒவ்வொன்றும் அரை மணி நேரம். விநாடிக்கு 360 அளவுகள். இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து, ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் துடிப்புகளுக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்திருக்கிறார்கள். 1980-ல் மேக்னடிக் டேப்பில் அனுப்பினார்கள். இப்போது பிசியோநெட் வெப்சைட்டில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். இதைப் படிக்க பைதானில் ஒரு லைப்ரரியும் இருக்கிறது.

100-ம் எண் பதிவில் தொடங்குங்கள், பெரும்பாலும் ஒழுங்கான துடிப்பு. அடுத்து 119-ஐப் பாருங்கள், முந்திவரும் துடிப்புகளுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. புவான்காரே படத்தில் தீவுகள் அழகாகப் பிரிந்து நிற்கும். பிறகு 219, 221. இரண்டிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு. துடிப்புகளின் இட எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து 360-ஆல் வகுத்தால் விநாடி கிடைத்துவிடும். குறிப்புப் பைலில் கூட்டல் குறியோடு வரும் வரிகள் துடிப்பு அல்ல, தாளம் மாறுகிறது என்ற அறிவிப்பு. அவற்றை நீக்காமல் நான் ஒரு ராத்திரி முழுக்க இல்லாத துடிப்புகளைத் துரத்திக் கொண்டிருந்தேன்.

இந்த டேட்டாவை வைத்துத்தான் ஜியாபு பான், வில்லிஸ் டாம்ப்கின்ஸ் என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட முறை சோதிக்கப்பட்டது. ஈசிஜி கோட்டில் துடிப்பு எங்கே இருக்கிறது என்று உடனுக்குடன் கண்டுபிடிக்கும் அந்த முறையை அவர்கள் இசட் 80 மைக்ரோபிராசஸரில் அசெம்பிளி மொழியில் எழுதி ஓட்டினார்கள். இன்று நம் செல்போனில் இருக்கும் சிப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. துடிப்பைப் பிடிக்கும் சாமர்த்தியம் நாற்பது வருஷமாக இருக்கிறது. வீட்டுக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வாட்ச் வாங்கலாமா?

நான் இதைச் சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. ஆப்பிள் வாட்ச் அவ்வப்போது துடிப்பு இடைவெளிகளைச் சேகரித்து, நாம் எக்ஸெலில் போட்டது போன்ற புவான்காரே சிதறலைத்தான் கணக்கிடுகிறது. அடுத்தடுத்த 6 சோதனைகளில் 5 ஒழுங்கற்றதாக இருந்தால் எச்சரிக்கை தரும். 4 லட்சத்து 19 ஆயிரம் பேரை வைத்து அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். 2019 நவம்பரில் வெளியான முடிவின்படி, எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம் பேர். அவர்களில் ஈசிஜி பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பிடிபட்டது. அப்படியானால் மீதிப் பேருக்குத் தப்பாகச் சொன்னதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. இது வந்து வந்து போகும் வியாதி. பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வராமலும் இருந்திருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த நேரத்தில் வாட்ச் எச்சரித்தபோது, 84 சதவீதம் ஈசிஜியும் ஆமோதித்தது.

ஆக, வாட்ச் ஒரு காவலாளி. எச்சரித்தால் நம்பி ஈசிஜி எடுங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு அந்த எச்சரிக்கை வசதி உரியதல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. விலை மலிவான பல வாட்ச்களில் பல்ஸ் எண் மட்டும்தான் வரும், தாளம் பார்க்கும் வசதியே இருக்காது. வாங்கும் முன் கேளுங்கள். அம்மாவுக்கு நான் வாங்கவில்லை.

வந்து போகும் வகையைப் பிடிக்க ஹோல்டர் என்றொரு சிறு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். 24 மணி நேரம் ஈசிஜி பதிவாகும். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1940-களின் கடைசியில் முதலில் செய்தது முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை! இப்போது சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

லேப் பட்டன் வேண்டாத நேரம்

மேலே சொன்ன எதுவும் நோயைக் கண்டுபிடிக்காது. டாக்டரிடம் போகலாமா என்ற கேள்விக்குத்தான் விடை தரும். பெயர் சொல்வது ஈசிஜி. நாடியின் பலம் ஒன்று விட்டு ஒன்று குறைகிறதா, இரண்டு கையிலும் ஒரே மாதிரி தட்டுகிறதா என்பதெல்லாம் லேப் நேரத்தில் தெரியாது, அனுபவப்பட்ட விரலுக்குத்தான் தெரியும்.

நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், துடிப்பு 40-க்குக் கீழே போய்த் தலைசுற்றல், ஓய்வில் 120-க்கு மேலேயே நிற்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்டாப்வாட்சைத் தேடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.

அம்மா இப்போது படி ஏறுகிறார். தாளம் திரும்பவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் ஓடுகின்றன. பல் பிடுங்கப் போனாலும் அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது லேப் எடுத்து அதே எக்ஸெல் பைலில் புது ஷீட் போடுகிறேன். புள்ளிகள் இன்னும் சிதறித்தான் கிடக்கின்றன, ஆனால் கூட்டம் கொஞ்சம் வலப்பக்கம் மேலே நகர்ந்திருக்கிறது. இடைவெளி கூடியிருக்கிறது, அதாவது வேகம் குறைந்திருக்கிறது. போன தடவை சிஸ்டரிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.